காப்பியத்து அரக்கர் முதல் டிராகுலா வரை: எங்கள் வாசகர் வட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருந்துறைக்குப் பக்கத்தில் மாதம் இருமுறை கூடும் எங்கள் சிறிய வாசகர் வட்டத்தில், இரண்டு ஆண்டுகளாக ஒரே பொருளை எடுத்துக்கொண்டு படித்து வருகிறோம். பழங்காப்பியங்களில் வரும் அரக்கர், பேய், பூதம் முதலியோரும், அவர்களுக்குப் பின்வந்த திகில் புனைவின் உருவங்களுமே அந்தப் பொருள். விசைத்தறி ஓட்டுபவர், மஞ்சள் மண்டிக் கணக்கர், கல்லூரி மாணவியர், ஓய்வுபெற்ற ஆசிரியர் எனப் பலரும் வருகிறார்கள். புதிதாக வருபவர் ஒவ்வொருவரும் ஏறத்தாழ இதே ஐயங்களை எழுப்புவதால், கேள்விகளைக் கேட்டவர் சொன்னபடியே எழுதி, விடைகளைத் தொகுத்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வரும்.

பேய், பூதம், அரக்கன், அசுரன் எல்லாம் ஒண்ணுதானுங்களே? எதுக்கு இத்தனை பேரு?

ஒன்றல்ல. அசுரர் தேவர்களுக்குப் போட்டியாளர். தவம் செய்து வரம் பெறுவார்கள், நகரம் அமைத்து ஆள்வார்கள். சூரபதுமன் அத்தகையவன். அரக்கர் மனிதரைத் தின்பவராகச் சொல்லப்பட்டாலும், அவர்களுக்குத் தாய், தங்கை, தம்பி என்ற உறவும் அரசும் உண்டு. பூதம் பெரும்பாலும் காவலுக்கு நிற்பது. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துச் சதுக்கத்தில் நிற்கும் பூதம், பொய்ச்சாட்சி சொல்பவரையும் பிறன்மனை நாடுபவரையும் பாசத்தால் கட்டி அடித்து உண்ணும் என்று வருகிறது. நல்லவர் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. பேய்க்குரிய இடம் சுடுகாடும் போர்க்களமும். அதன் இயல்பு தீராத பசி. வேதாளம் பிணத்துக்குள் புகுந்து பேசுவது. இவை எல்லாவற்றிற்கும் முற்பட்டவை சங்கப் பாடல்களின் அணங்கும் சூரும்; மலையிலும் சுனையிலும் உறையும் அவற்றின் உருவத்தைப் புலவர்கள் பெரும்பாலும் வரைந்து காட்டுவதே இல்லை.

பேச்சு வழக்கில் இவை ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன என்பது உண்மைதான். ஆனால் ‘பேய்’ என்ற சொல்லை நாம் வேறு இடங்களில் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று பாருங்கள்: பேய்மழை, பேய்க்காற்று, பேய்ச்சுரை, பேய்ப்புடல். அளவு மீறியதும், வீட்டுக்கு உதவுவதன் சாயலில் இருந்துகொண்டே வீட்டுக்கு உதவாததும் பேய் எனப்படுகின்றன. பேய்ச்சுரையும் சுரைதான், ஆனால் கறிக்கு ஆகாது. இலக்கியத்துப் பேயும் இப்படித்தான், மனித வடிவத்தில் இருந்துகொண்டே மனித வாழ்வுக்குள் அடங்காமல் நிற்கிறது.

ஆங்கிலத்தில் ‘மான்ஸ்டர்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். தமிழில் அதற்கு ஒரு சொல் வேண்டாமா?

அந்தச் சொல் இலத்தீனிலிருந்து வந்தது. ‘எச்சரித்தல்’ என்று பொருள்படும் வினையோடு தொடர்புடையது. ஈருடல் ஒட்டிப் பிறந்த கன்று போன்ற இயற்கைக்கு மாறான பிறப்பைத் தெய்வத்தின் எச்சரிக்கை என்று கருதிய உரோமர்கள் அதற்கு இட்ட பெயர் அது. நமக்கு அப்படி ஒரே சொல் இல்லாதது குறையென்று நான் எண்ணவில்லை. ஒரே சொல்லால் குறித்திருந்தால், முந்தைய விடையில் பார்த்த வேறுபாடுகள் நம் கண்ணில் பட்டிருக்காது.

அதைவிடப் பயனுள்ள ஒன்று தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் இருக்கிறது. ‘அணங்கே விலங்கே கள்வர் தம்மிறை எனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே’ என்பது நூற்பா. தெய்வம் அல்லது பேய், கொடிய விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறைவன் ஆகிய நான்கும் அச்சத்தின் நிலைக்களன்கள். பேய்க்கும் புலிக்கும் பக்கத்தில் அரசனையும் நிறுத்திய அந்தத் துணிவு என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது. திகில் கதை நம்மிடம் எழுப்புவது அச்சம் மட்டுமன்று. அருவருப்பை உள்ளடக்கிய இளிவரலும், புதுமையும் பெருமையும் கண்டு மலைக்கும் மருட்கையும் அதனோடு சேர்ந்தே எழுகின்றன. எந்தக் கதையைப் படித்தாலும் இம்மூன்றில் எது மேலோங்குகிறது என்று கேட்டுப் பார்க்குமாறு எங்கள் வட்டத்தில் சொல்வேன்.

எழுத்தில் கிடைச்சதுலயே பழைய அரக்கன் யாருங்க?

நெடுங்கவிதை என்ற அளவில், மெசொப்பொத்தேமியாவின் கில்கமெஷ் காப்பியத்தில் வரும் ஹும்பாபாவை முதலில் சொல்லலாம். களிமண் பலகைகளில் ஆப்பெழுத்தில் எழுதப்பட்ட அந்தக் காப்பியத்தின் பெரும்பகுதி, கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் நினிவே நகரில் அசூர்பானிபால் என்ற அரசன் வைத்திருந்த நூலகத்தின் இடிபாடுகளிலிருந்து கிடைத்தது. 1872-இல் ஜார்ஜ் ஸ்மித் அதிலுள்ள வெள்ளக் கதையைப் படித்து அறிவித்த பிறகே உலகம் அதை மீண்டும் அறிந்தது.

ஹும்பாபாவின் குரல் வெள்ளம், வாய் நெருப்பு, மூச்சு சாவு என்கிறது கவிதை. ஆனால் அவன் வழிப்பறிக்காரன் அல்லன். தேவதாரு வனத்தைக் காக்க என்லில் என்ற தெய்வம் அமர்த்திய காவலன். கில்கமெஷும் என்கிடுவும் புகழுக்காக அவனைத் தேடிச் செல்கிறார்கள். தோற்ற பிறகு அவன் உயிர்ப்பிச்சை கேட்கிறான். மறுத்துக் கொன்று மரங்களை வெட்டுகிறார்கள். ஈராக்கின் சுலைமானியா அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்த பலகை ஒன்று 2014-இல் பதிப்பிக்கப்பட்டபோது, இதுவரை காணாத வரிகள் தெரியவந்தன. பறவைகளும் சில்வண்டுகளும் குரங்குகளும் ஹும்பாபாவுக்கு அரசவை இசைபோல் பாடிக்கொண்டிருந்த வனம் அது. மரங்கள் விழுந்த பின், ‘காட்டைப் பாழ்நிலமாக்கிவிட்டோம், என்லிலுக்கு என்ன விடை சொல்வோம்’ என்று என்கிடு வருந்துகிறான். முதல் அரக்கனைப் பாடிய கவிஞனே அவனைக் கொன்றது சரிதானா என்ற கேள்வியையும் எழுப்பி வைத்துவிட்டான் என்பதை நினைக்கும்போது எனக்கு மெய் சிலிர்க்கிறது.

எல்லாக் கதைலயும் அரக்கன் காட்டுலயேதான் இருக்கான். ஏனுங்க அப்படி?

வீட்டின் எல்லை முடிகிற இடத்தில் அச்சம் தொடங்குகிறது என்பது பொதுவான விடை. அதற்கு மேல் ஒன்று சொல்ல வேண்டும். கொங்கு நாட்டில் ‘காட்டுக்குப் போறேன்’ என்று ஒருவர் சொன்னால், புன்செய் நிலத்துக்குப் போகிறார் என்று பொருள். சோளமும் கம்பும் விளைகிற மானாவாரி நிலத்தை நாம் இன்றும் காடு என்கிறோம். வேட்டைக்காடு உழவுக்காடாக மாறிய வரலாறு அந்த ஒரு சொல்லுக்குள் உறைந்திருக்கிறது. யாருடைய காடு என்ற வழக்குத் தீராத இடத்தில்தான் அரக்கன் தோன்றுகிறான்.

தாடகையை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பன் அவளை அறிமுகப்படுத்துமுன் அவள் வாழும் பாலையின் வெம்மையை நீளமாகப் பாடுகிறான். அவள் பிறவியிலேயே அரக்கி அல்லள். சுகேது என்ற இயக்கனின் மகள். அகத்தியரின் வனத்து மரங்களைப் பிடுங்கி எறிந்த கணவன் சுந்தன் முனிவரின் பார்வையில் சாம்பலாகிறான்; பழிதீர்க்க ஓடிய அவளும் மக்களும் சாபத்தால் அரக்கராகிறார்கள். ஹும்பாபாவின் கதையில் காட்டைக் காத்தவன் அரக்கன். இங்கே காட்டை அழித்தவனின் மனைவி அரக்கி. இரண்டிலும் மரம் வெட்டுண்டதிலிருந்தே துயரம் தொடங்குகிறது.

நம்ம கொங்கு நாட்டுக்குன்னு தனியா ஒரு அரக்கன் இலக்கியத்துல உண்டுங்களா?

உண்டு, அவனுக்கு மனித வடிவம் இல்லை. அண்ணன்மார் சுவாமி கதையில் வரும் கொம்பன் என்ற காட்டுப்பன்றிதான் நம் அரக்கன். உடுக்கடிப் பாட்டாக இரவு இரவாகப் பாடப்படும் அந்தக் கதையில், வேட்டுவர் பக்கம் நிற்கும் கொம்பன், பொன்னர் சங்கரின் வயல்களைக் கிளறி அழிக்கிறான். மேலே சொன்ன எல்லை வழக்கு இங்கே வெளிப்படையாகவே வருகிறது: உழவருக்கும் வேட்டுவருக்கும் இடையில் நிற்கும் பன்றி அது. மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1965-இல் கொங்கு நாட்டில் ஒலிப்பதிவு செய்த வடிவத்தில், வேட்டைக்கு அழைக்காமல் விடப்பட்ட பொன்னாச்சி என்ற சிறிய பெட்டை நாயின் துணையில்லாமல் கொம்பனை வீழ்த்த முடிவதில்லை. பெரிய வேட்டை நாய்கள் தோற்ற இடத்தில் வீட்டுப் பெண்களின் செல்லமான சின்ன நாய் வெல்வதைப் பாடகர் பாடும்போது, திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்வதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன்.

அவிநாசி முதலையையும் இங்கே சொல்ல வேண்டும். குளத்தில் முதலை விழுங்கிய பிள்ளைக்காகச் சுந்தரர் பாடிய பதிகத்தில், ‘கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே’ என்று வருகிறது. முதலையைக் கொல்லச் சொல்லவில்லை, பிள்ளையைத் திருப்பித் தரச் சொல்கிறார். விழுங்கியதைத் திருப்பித் தரும் அரக்கன் உலக இலக்கியத்தில் அரிது.

அரக்கனோட பேசிப் பார்த்த கதை ஏதாவது இருக்கா? எல்லாம் வெட்டுக்குத்துதானா?

இந்தக் கேள்வியைக் கேட்ட மாணவிக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். அதன் பிறகே, ஒவ்வொரு கதையிலும் அரக்கனுக்குக் குரல் இருக்கிறதா என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். இந்தப் பொருளுக்கு அதைவிட நல்ல திறவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஹோமரின் ஒடிசியில், ஒற்றைக் கண்ணன் பாலிபீமஸின் குகைக்குள் ஒடிசியஸ் அழையாமல் நுழைந்து, பாலாடைக்கட்டியை எடுத்து உண்கிறான். பாலிபீமஸ் அவனுடைய ஆட்கள் சிலரைத் தின்கிறான். ஒடிசியஸ் தன் பெயர் ‘யாருமில்லை’ என்று பொய் சொல்லி, மது கொடுத்து மயக்கிக் கண்ணைக் குத்துகிறான். ‘யாருமில்லை என்னைக் கொல்கிறான்’ என்று கத்தும் அரக்கனுக்கு உதவ ஒருவரும் வருவதில்லை. இங்கே மொழி ஆயுதமாகிறது. ஆனாலும் ஹோமர், கண்ணிழந்த அந்த அரக்கன் தன் பெரிய கிடாயைத் தடவிக்கொண்டு, ‘எப்போதும் முன்னால் போகிற நீ இன்று ஏன் கடைசியில் வருகிறாய், எசமானின் கண்ணுக்காக வருந்துகிறாயா’ என்று பேசுவதையும் பாடியிருக்கிறார். அந்தக் கிடாயின் வயிற்றின் கீழே ஒடிசியஸ் தொங்கிக்கொண்டிருக்கிறான்.

இதன் எதிர்முனை நம் மணிமேகலையில் இருக்கிறது. கப்பல் உடைந்து நக்க சாரணர் என்ற நாகர் தீவில் ஒதுங்கிய சாதுவனை, உடம்பை உணவாக்கலாம் என்று அவர்கள் எழுப்புகிறார்கள். அவனோ அவர்களுடைய மொழியைக் கற்றிருக்கிறான். பேசுகிறான், தலைவனிடம் அழைத்துச் செல்கிறார்கள், பெண் கரடியோடு ஆண் கரடி இருந்ததுபோல் மனைவியோடு இருந்த தலைவன், அவனோடு வாதிட்டு, கடைசியில் கப்பல் கவிழ்ந்து வருபவரைக் கொல்வதில்லை என்று ஏற்கிறான். அரக்கனின் மொழியைக் கற்றுக்கொண்ட ஒரு வணிகனை நாயகனாக்கிய சாத்தனாரை நாம் போதிய அளவு கொண்டாடவில்லை என்பது என் கருத்து.

பெயோவுல்ஃப் கதை நம்ம பகாசுரன் கதை மாதிரியே இருக்கே. அங்கிருந்து இங்க வந்ததா, இங்கிருந்து அங்க போனதா?

ஊரைத் தின்னும் ஒருவன், வெளியூரிலிருந்து வந்து வெறுங்கையால் மல்லுக்கு நிற்கும் ஒரு வீரன் என்ற சட்டகம் இரண்டிலும் உண்டு. அதனாலேயே ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியாது. இத்தகைய கதை உலகின் பல பகுதிகளில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 3182 அடிகளில் அமைந்த அந்தக் கவிதைக்கு, ஏறத்தாழ கி.பி. 1000-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஒரே ஒரு கைப்பிரதிதான் உண்டு. 1731-இல் நேர்ந்த தீவிபத்தில் அதன் ஓரங்களும் கருகின.

வேறுபாடே இங்கே முக்கியம். ஏகசக்கரத்துப் பகன் சோற்றுக்காக வருகிறான். முறை வைத்து வண்டிச் சோறு அனுப்புகிறார்கள். பெயோவுல்ஃப் கவிதையின் அரக்கனான கிரெண்டல் வருவது பாட்டைக் கேட்க முடியாமல். அரண்மனையில் யாழோடு எழும் மகிழ்ச்சி, இருட்டில் தனியே கிடக்கும் அவனுக்குத் துன்பமாகிறது. ஆனால் அவன் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. 1971-இல் ஜான் கார்ட்னர் ‘கிரெண்டல்’ என்ற நாவலில் அவனையே கதைசொல்லியாக்கி அந்தக் குறையைத் தீர்த்தார். அந்த மூலக் கவிதையில், அரக்கனைக் குறிக்கும் ஒரு பழஞ்சொல் வீரனையும் குறிக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

ஃபிராங்கன்ஸ்டைன் என்பது அந்தப் பேயின் பெயர்தானே?

இல்லை, அதைப் படைத்த இளைஞனின் பெயர். படைக்கப்பட்டவனுக்குப் பெயரே வைக்கப்படவில்லை. 1815-இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததால் மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் போயிற்று. மழையால் ஜெனீவா ஏரிக்கரை வீட்டில் அடைபட்டிருந்த நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவது என்று முடிவுசெய்தபோது, இந்த நாவலை எழுதிய மேரி ஷெல்லிக்கு வயது 18. நூல் 1818-இல் ஆசிரியர் பெயர் இல்லாமலே வெளிவந்தது.

நூலின் நடுப்பகுதியை அந்தப் பெயரில்லாதவனே தன் வாயால் சொல்கிறான். ஒரு குடும்பத்தைச் சுவரின் இடுக்கு வழியே மாதக்கணக்கில் பார்த்து மொழியைக் கற்கிறான்; மில்ட்டனைப் படிக்கிறான். கண் தெரியாத முதியவர் அவனோடு அன்பாகப் பேசுகிறார். கண் தெரிந்தவர்கள் உள்ளே வந்ததும் அடித்துத் துரத்துகிறார்கள். அவன் கொலைகாரனாவது அதற்குப் பிறகுதான். புதுமைப்பித்தன் இந்த நாவலைப் ‘பிரேத மனிதன்’ என்ற பெயரில் தமிழில் தந்திருக்கிறார் என்பதை நம்மில் பலர் அறியாதது வருத்தம் தருகிறது.

மனுசன் செஞ்ச பேய் வெள்ளைக்காரன் கற்பனைதானே? நம்மகிட்ட அப்படி இல்லையே?

கொல்லிப்பாவையை மறந்துவிட்டுக் கேட்கிறீர்கள். நாமக்கல் பக்கத்துக் கொல்லிமலையில் தெய்வம் எழுதிய பாவை ஒன்று இருப்பதாகச் சங்கப் புலவர்கள் பலரும் பாடியிருக்கிறார்கள். குறுந்தொகையின் 89-ஆம் பாட்டில் பரணர் அந்த மலையைப் ‘பேஎம் முதிர் கொல்லி’, அதாவது அச்சம் முதிர்ந்த கொல்லி, என்கிறார். பாவையைச் செய்தது பூதம் என்று நற்றிணையில் ஓரிடத்தில் வருகிறது. காற்று மோதினாலும், மழை கடுகினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அழியாத உருவம் அது என்று பாடும் நற்றிணை 201-ஆம் பாட்டு, மறக்க முடியாத ஒரு பெண்ணுக்கு அதை உவமை சொல்கிறது. சிரித்து மயக்கிப் பகைவரைக் கொல்லும் பொறிப் பாவை என்ற கதை பிற்காலத்தில் வளர்ந்தது.

கிரேக்கத்திலும் இதற்கு உறவுண்டு. கிரீட் தீவை நாளுக்கு மூன்று முறை சுற்றிவந்து அந்நியர் கப்பல்மேல் பாறை எறியும் தாலோஸ் என்ற வெண்கல மனிதனை, கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அப்பல்லோனியஸ் பாடினார். ஆனால் பாவையும் தாலோஸும் செய்தவரின் சொல்லுக்குள் நிற்பவை. செய்தவனே அஞ்சி ஓடியதால் உலகில் அநாதையாக நின்றவன் மேரி ஷெல்லியின் படைப்பு மட்டுமே. புதுமை அந்தக் கைவிடலில்தான் இருக்கிறது, உயிரூட்டியதில் இல்லை.

வேதாளத்துக்கும் டிராகுலாவுக்கும் ஏதாவது சொந்தம் உண்டுங்களா?

நேர்வழி உறவு இல்லை. ஆனால் ஒரு சுற்றுவழி உண்டு, அது நம் ஊர் வழியாகவே போகிறது. குணாட்டியர் ‘பிருகத்கதை’யைப் பைசாசம் என்ற மொழியில் எழுதினார் என்பது மரபு, பெயரைக் கேட்டாலே பேய்களின் மொழி என்று தோன்றும். அரசன் அந்த நூலை இகழ்ந்தபோது, அவர் காட்டில் தீ மூட்டி, ஒவ்வோர் ஏடாக விலங்குகளுக்குப் படித்துக் காட்டி எரித்தார் என்றும், எஞ்சியது சிறு பகுதியே என்றும் கதை சொல்கிறது. மூல நூல் இன்று கிடைக்கவில்லை. அதன் வழிவந்த ஒரு கிளை, எங்கள் வட்டம் கூடும் இடத்துக்கு அருகிலுள்ள விசயமங்கலத்துக் கொங்குவேளிர் பாடிய பெருங்கதை. உ.வே. சாமிநாதையர் 1924-இல் பதிப்பித்தபோது அதற்கும் முதலும் இறுதியும் கிடைக்கவில்லை. மற்றொரு கிளை, 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரம். வேதாளம் சொன்ன 25 கதைகள் அதில் அடங்கியிருக்கின்றன. வடமொழியில் வேதாளம் தொங்குவது சிம்சபா மரத்தில். தமிழுக்கு வந்ததும் அது முருங்கை மரமாயிற்று.

ரிச்சர்ட் பர்ட்டன் 1870-இல் அக்கதைகளை ஆங்கிலத்தில் தழுவி எழுதியபோது, வேதாளத்தை ‘வேம்பயர்’ என்றே தலைப்பிட்டார். பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா வந்தது 1897-இல். இரண்டும் பிணத்தோடு தொடர்புடையவை என்பதோடு ஒற்றுமை முடிந்துவிடுகிறது. வேதாளம் இரத்தம் குடிப்பதில்லை, கதை சொல்கிறது. அறச்சிக்கல் ஒன்றை அரசன் தோளில் ஏற்றிவிட்டு விடை கேட்கிறது. டிராகுலா நாவலோ நாட்குறிப்பு, கடிதம், தந்தி என்று எல்லாருடைய எழுத்தாலும் ஆனது. டிராகுலா எழுதிய நாட்குறிப்பு மட்டும் அதில் இல்லை. வேதாளத்தின் உருவம் நம் மனத்தில் பதிந்ததற்கு அம்புலிமாமாவின் ஓவியர் சங்கர் காரணம். இன்றைய திருப்பூர் மாவட்டத்துக் காரத்தொழுவில் 1924-இல் பிறந்தவர் அவர்.

பேய்னாலே பொம்பளைதானா? ஆம்பளைப் பேயை ஏன் அவ்வளவா காணோம்?

கலிங்கத்துப் பரணியில் பசியோடு காளியிடம் முறையிடுவதும், போர்க்களத்தில் கூழ் அட்டு உண்பதும் பேய்க்கூட்டம். ஆனால் தனித்தனியாக வரையப்பட்டவற்றில் பெண்ணுருவமே மிகுதி என்பது சரிதான். பெண்ணின் அழகுக்கு ஓர் இலக்கணம் வகுத்த மரபு, அதன் ஒவ்வோர் உறுப்பையும் தலைகீழாக்கிப் பேய்மகளைப் படைத்தது. திருமுருகாற்றுப்படையின் பேய்மகளுக்கு உலறிய கூந்தல், சுழலும் விழி, காதில் ஆந்தையும் பாம்பும். அழகும் அச்சமும் ஒன்றாகும் இடம் கம்பனின் சூர்ப்பணகை. ‘அஞ்சொல் இள மஞ்ஞை என, அன்னம் என, மின்னும் வஞ்சி என, நஞ்சம் என, வஞ்ச மகள் வந்தாள்’ என்னும்போது, மயில், அன்னம், கொடி என்று போன அடி ‘நஞ்சம்’ என்பதில் வந்து குத்துகிறது.

பெண்பேயின் கோபத்துக்கு முன்கதை ஒன்று இருக்கும். முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்டவள் பழையனூர் நீலி. மகனைக் கொன்றதற்குப் பழிவாங்க ஒரே ஒரு முறை வருபவள் கிரெண்டலின் தாய்; அக்காலத்து வழக்கப்படி அது அவளுடைய உரிமையும்கூட. அதே பழையனூர்த் திருவாலங்காட்டில்தான் காரைக்கால் அம்மையார் தாமே வேண்டிப் பேயுருப் பெற்றுப் பாடினார். ‘கொங்கை திரங்கி நரம்பெழுந்து’ என்று அவர் வரையும் பெண்பேயை வெளியிலிருந்து ஒருவர் இகழ்ந்து வரைந்ததாகக் கொள்ள முடியாது. இங்கே பேயே கவிஞர். குரலைத் தேடும் என் தேடலில் இதற்கு இணையான ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அரக்கர் என்று எழுதி வைத்தது தென்னாட்டு மக்களைத்தான் என்கிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஈரோட்டுப் பக்கத்து ஓலவலசில் பிறந்த புலவர் குழந்தை, இராவணனைத் தலைவனாக வைத்து 3100 பாடல்களில் ‘இராவண காவியம்’ பாடி 1946-இல் வெளியிட்டார். 1948-இல் அரசு அதைத் தடை செய்தது. தடை 1971-இல் நீங்கியது. ஒரு காப்பியத்தின் அரக்கனுக்குக் குரல் கொடுத்ததற்காக ஒரு நூல் 23 ஆண்டுகள் முடக்கப்பட்டது என்பது, தொல்காப்பியர் பேயோடு அரசனையும் சேர்த்து எண்ணியதை எனக்கு நினைவூட்டுகிறது.

என் நிலைப்பாட்டைச் சொல்கிறேன். காப்பிய அரக்கர் வரலாற்றில் வாழ்ந்த இன்ன குடியினர் என்று நிறுவப் போதிய சான்று இல்லை. ஆனால் ஒரு சமூகம் தன் எதிரிகளையும், தான் புரிந்துகொள்ளாதவர்களையும் அரக்கராக்கிப் பாடும் என்பதை மறுக்கவே முடியாது. ஆகவே எவர் அரக்கர் என்று தேடுவதைவிட, எவரால் அப்படி அழைக்கப்பட்டார் என்று கேட்பது பயன் தரும். கொம்பனின் கதையை வேட்டுவர் பாடியிருந்தால் அது எப்படி இருந்திருக்கும் என்று நம் வீட்டிலிருந்தே அந்தக் கேள்வியைத் தொடங்கலாம்.

பேய் இல்லைன்னு நல்லாத் தெரியும். அப்புறமும் ராத்திரி படிச்சா ஏன் பயமா இருக்கு?

பேயை நம்புவதும் பேய்க்கதைக்கு அஞ்சுவதும் வேறு வேறு. 1886-இல் ஸ்டீவன்சன் எழுதிய ஜெக்கில், ஹைடு கதையில் பேயே இல்லை. மதிப்புக்குரிய மருத்துவரும் கொடியவனும் ஒரே ஆள். காடும் குகையும் தேவைப்படாமல் எல்லை மனிதனுக்குள்ளேயே வந்துவிடுகிறது. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யில் ஓர் எழுத்தாளன் வீட்டில் நடப்பது பேயின் வேலையா, மனத்தின் வேலையா என்பது கடைசிவரை தீர்வதில்லை. உறுதியாகத் தெரிந்த பேயைவிடத் தீராத ஐயமே நம்மை விளக்கைப் போட வைக்கிறது.

குழந்தைகளுக்கு இதையெல்லாம் சொல்லலாமா?

சொல்லலாம். வேதாளத்திலும் அவிநாசி முதலையிலும் தொடங்குங்கள்; காஞ்சனை பொறுத்திருக்கட்டும். பயந்த குழந்தையிடம் ‘அதெல்லாம் பொய்’ என்று சொல்லி முடிக்காமல், அந்த அரக்கன் ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்டுப் பாருங்கள்.

அரக்கனைக் கொன்னாச்சுன்னா கதை முடிஞ்சதுதானுங்களே?

முடிவதில்லை. கிரெண்டலின் கையைக் கூரைக்கடியில் மாட்டிக் கொண்டாடிய அடுத்த இரவே அவன் தாய் வந்துவிடுகிறாள். மேரி ஷெல்லியின் பெயரில்லாதவன், தன்னைப் படைத்தவன் பிணத்தருகே அழுதுவிட்டுப் பனிக்கடலின் இருளுக்குள் போகிறான். இறந்ததை யாரும் பார்க்கவில்லை. கச்சியப்பரின் கந்தபுராணத்தில் மாமரமாய் நின்ற சூரனை வேல் இரண்டாகப் பிளக்க, ஒரு பாதி மயிலாகவும் மறுபாதி சேவலாகவும் ஆகிறது. ஐப்பசியில் சென்னிமலையில் சூரசம்ஹாரம் பார்த்துவிட்டு வருபவர்கள், வென்ற முருகனோடு சூரனையும் சேர்த்தே வணங்கிவிட்டு வருகிறார்கள்.

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் படித்துக் காட்டுவது கம்பனின் கும்பகருணனை. மூக்கிழந்து, உறுப்புகள் ஒவ்வொன்றாக அறுபட்டு, சாகும் தறுவாயில் இராமனிடம் அவன் ஒரு வரம் கேட்கிறான்: ‘மூக்கிலா முகம் என்று முனிவரும் அமரரும் பார்ப்பார்கள், அவர்கள் பாராதபடி உன் கணையால் என் கழுத்தை நீக்கு, நீக்கியபின் தலையைக் கருங்கடலுக்குள் போக்கு.’ இராமன் அப்படியே செய்கிறான். மலை போன்ற அந்தத் தலை, யாரும் பார்த்து நகைக்க முடியாதபடி, கடலின் ஆழத்துக்குப் போய்விடுகிறது.